கிரியாட்டினின் நார்மல்... அப்போ கிட்னி ஓகேவா?
ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் நார்மல் என்றதும் நிம்மதியாகிவிடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்க. சிறுநீரகத்தின் வேலைத்திறன் கிட்டத்தட்ட பாதி குறையும்வரைகூட ரத்தப் பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம். வலியும் இருக்காது.

முன்கூட்டியே துப்பு கொடுப்பது சிறுநீர்தான். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதானால், ரத்தத்தில் இருக்க வேண்டிய அல்புமின் புரதம் சிறுநீரில் கசியும். இதை அளப்பதுதான் 'யூரின் ஏசிஆர்' டெஸ்ட். சிறுநீரில் உள்ள ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் நார்மல். 30 முதல் 300 வரை எச்சரிக்கை. அதற்கு மேல் போனால் கசிவு தீவிரம்.

காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன், மாதவிடாய், முந்தைய நாள் கடும் ஜிம் பயிற்சி ஆகியவற்றாலும் அளவு ஏறும். அதனால் ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாதீங்க. 3 மாதம் நீடிக்கிறதா என்று பார்த்துத்தான் டாக்டர் உறுதி செய்வார்.

சர்க்கரை, பிபி இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை இந்த டெஸ்ட்டைக் கேட்டு எடுங்க. சீக்கிரம் பிடித்தால், மருந்தால் பாதிப்பின் வேகத்தைக் குறைக்கலாம்.