தொடர் குற்றவாளிகளைக் குறிவைக்கும் காவல்முறை: மதிப்பீடு

திரும்பத் திரும்பக் குற்றம் செய்யும் சிலரை மட்டும் அடையாளம் கண்டு, அவர்கள் மீது ஆட்பலத்தைக் குவிக்கும் போலீஸ் உத்தி இது. மார்வின் வூல்ஃப்காங்கும் சக ஆய்வாளர்களும் 1972-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. 1945-இல் பிறந்து பிலடெல்பியாவில் வளர்ந்த 9,945 ஆண்களின் போலீஸ் பதிவுகளை அவர்கள் புரட்டினார்கள். வெறும் 6 சதவீதத்தினர் பெயரில் மொத்தக் குற்றங்களில் பாதிக்கும் மேல் பதிவாகியிருந்தன. அந்தச் சிலரைப் பிடித்தால் போதும் என்று பலருக்கும் தோன்றியது. ஆனால் அந்த 6 சதவீதத்தினர் யார் என்பது எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் தெரிந்தது. அவர்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பதில்தான் சிக்கல்.

வாஷிங்டன் மாநகரக் காவல்துறை 1982-இல் இதற்கென்றே தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கியது. வாரத்துக்கு ஐந்து கடுங்குற்றங்களாவது செய்கிறார்கள் என்று போலீஸ் நம்பியவர்களே இலக்கு. நாள்கணக்கில் மறைந்திருந்து கண்காணித்தும் பெரிதாக எதுவும் சிக்காததால், ஏற்கெனவே பிடிவாரண்ட் உள்ளவர்களைத் தேடிப் பிடிப்பதில் பிரிவினர் அதிகம் இறங்கினார்கள். சூசன் மார்ட்டினும் லாரன்ஸ் ஷெர்மனும் இப்பிரிவை ஆராய்ந்து 1986-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இலக்குகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்ததே அந்த ஆய்வின் பலம். பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டவர்களில் பாதிப்பேரை அது கைது செய்தது. ஒப்பீட்டுக் குழுவில் அதன் கையில் சிக்கியவர்கள் 4 சதவீதம்தான். பிடிபட்டவர்களின் பழைய குற்றப் பதிவும் நீளமானது. ஆனால் இப்பிரிவுக்கு வந்த காவலர்களின் மொத்தக் கைதுகள் குறைந்தன. நகரில் குற்றம் குறைந்ததா என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் விடை இல்லை. கைதை அளப்பதும் குற்றத்தை அளப்பதும் ஒன்றல்ல.

பிலடெல்பியாவில் 2011-இல் நடந்த சோதனை குற்றத்தையே அளந்தது. வன்முறை மிகுந்த 81 சிறு வட்டாரங்களில் நடைரோந்து, பிரச்சினையின் மூலத்தைத் தீர்த்தல், குற்றவாளிகளைக் குறிவைத்தல் என்ற மூன்று உத்திகளும் தனித்தனியே சோதிக்கப்பட்டன. கடைசி உத்தியைக் கையாண்ட வட்டாரங்களில், அது இல்லாத ஒப்பீட்டு வட்டாரங்களைவிட வன்முறைக் குற்றம் 42 சதவீதம் குறைவாக இருந்தது. மற்ற இரண்டாலும் சொல்லும்படியான பலன் தெரியவில்லை.

இதே எண்ணத்தைச் சிகாகோ கணினியிடம் ஒப்படைத்தது. துப்பாக்கிச் சூட்டில் சிக்கக்கூடியவர்கள் என்று கணக்கிட்டு, 2013-இல் 426 பேர் கொண்ட பட்டியல் தயாரிக்கப்பட்டது. ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு 2016-இல் வந்தது. பட்டியலில் இருந்தவர்கள் சுடப்படும் வாய்ப்பு குறையவில்லை. துப்பாக்கிச் சூட்டுக்காகக் கைதாகும் வாய்ப்பு மட்டும் கூடியிருந்தது. பட்டியலில் உள்ளவர்களுக்கு என்ன உதவி செய்வது என்ற தெளிவு போலீஸுக்கு இல்லாதபோது, பட்டியல் யாரைப் பிடிக்கலாம் என்ற குறிப்பாக மாறியதில் வியப்பில்லை. திட்டம் 2019-இல் கைவிடப்பட்டது. நிரூபணமாகாத கைதுகளையும் அந்தக் கணக்கு சேர்த்துக்கொண்டதை நகரத் தலைமை ஆய்வாளரின் அறிக்கை மறு ஆண்டு சுட்டிக்காட்டியது.