கறுப்பின விழிப்புணர்வு நாள் (பிரேசில்)

பிரேசிலில் ஆண்டுதோறும் நவம்பர் 20 அன்று கடைப்பிடிக்கப்படும் தேசிய நினைவு நாள். அடிமைமுறையை எதிர்த்துப் போரிட்டு, 1695இல் இதே நாளில் கொல்லப்பட்ட, தப்பிய அடிமைகளின் குடியிருப்பான பல்மாரிஸின் தலைவர் சூம்பியின் நினைவாக அமைந்தது. 2023 டிசம்பரில் வந்த சட்டத்தின்படி 2024 முதல் நாடு முழுவதும் பொது விடுமுறை.

அட்லாண்டிக் கடந்து கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் மிகப் பெரும் பங்கினர், ஏறத்தாழ 48 லட்சம் பேர், பிரேசிலில்தான் இறக்கப்பட்டனர். கரும்பு, தங்கம், காப்பி என அந்நாட்டின் செல்வத்தில் பெரும்பகுதி அவர்கள் உழைப்பில் திரண்டது. தப்பியவர்கள் காடுகளில் அமைத்த குடியிருப்புகளுக்குக் கிலோம்பு என்று பெயர். இன்றைய அலகோவாஸ் மாநிலத்து மலைகளில் இருந்த பல்மாரிஸ் அவற்றில் பெரியது. டச்சுப் படைகளையும் போர்த்துகீசியப் படைகளையும் பல பத்தாண்டுகள் எதிர்த்து நின்று, 1694இல் வீழ்ந்தது. தப்பிய சூம்பி மறு ஆண்டு காட்டிக்கொடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் சாகாவரம் பெற்றவர் என்று அடிமைகள் நம்பியதைப் பொய்யாக்க, போர்த்துகீசியர் அவரது தலையை ரெசிஃபி நகரில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தனர்.

அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த நாள் வேறு: 1888 மே 13. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக ஒழித்த நாடு பிரேசில். இளவரசி இசபெல் அன்று கையெழுத்திட்ட பொற்சட்டத்தில் இரண்டே பிரிவுகள். விடுதலையானவர்களுக்கு நிலமோ பணமோ பள்ளியோ தருவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பள்ளியில்லாமல் எழுதப் படிக்கத் தெரியாமற்போனோருக்கு வாக்குரிமை கிடைக்க 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மே 13 நெடுங்காலம் இளவரசிக்கு நன்றி சொல்லும் நாளாகவே இருந்தது. போராடியவர்கள் அதில் மறைந்துபோயினர். சொந்தத் தந்தையாலேயே விற்கப்பட்ட லூயிஸ் காமா, பின்னர் நீதிமன்றங்களில் வாதாடி 500க்கும் மேற்பட்டோரை மீட்டார். 1881இல் சியாரா மாகாணத்துக் கட்டுமரக்காரர்கள் அடிமைகளைக் கப்பலுக்கு ஏற்றிச்செல்ல மறுத்துத் துறைமுகத்தையே நிறுத்தினர். பொற்சட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பே அங்கு அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை அரண்மனையிலிருந்து வந்த கொடை அல்ல என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1971இல், ராணுவ ஆட்சிக் காலத்தில், போர்ட்டோ அலெக்ரி நகரின் கறுப்பின இளைஞர் குழு ஒன்று மே 13க்கு மாற்றாகச் சூம்பி இறந்த நாளை முதன்முதலாக நினைவுகூர்ந்தது. கவிஞர் ஒலிவேரா சில்வேரா அதன் முன்னோடி. 1978இல் ஒன்றுபட்ட கறுப்பர் இயக்கம் அதை நாடு தழுவியதாக்கியது.

1988ஆம் ஆண்டு அரசமைப்பு இனவெறியைப் பிணையில் வர முடியாத குற்றமாக்கியது. கிலோம்பு மக்கள் வாழும் நிலம் அவர்களுக்கே சொந்தம் என்றது. 2003 முதல் பள்ளிகளில் ஆப்பிரிக்க-பிரேசில் வரலாறு கட்டாயப் பாடம். 2012இல் மத்தியப் பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் இடஒதுக்கீடு சட்டப்படி கட்டாயமானது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிலோம்பு வழிவந்தோர் முதன்முறையாகத் தனியே எண்ணப்பட்டனர். சுமார் 13 லட்சம் பேர். அவர்களில் பட்டா கிடைத்த நிலத்தில் வாழ்பவர்கள் மிகச் சிலரே.