கியர் ஆயிலும் எண்ணெய்த் திமிங்கலமும்

"லட்சம் கிலோமீட்டர் தாண்டின வண்டிக்கு கியர் ஆயில் மாத்தாதே தம்பி. மாத்தினா கியர் பாக்ஸ் போயிடும்."

வள்ளூர், மீஞ்சூர் பக்கம் டி.பி.பி. ரோட்டோர ஒர்க்‌ஷாப்புகளில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த வசனம் காதில் விழும். லாரி டிரைவர் அண்ணன்கள் சொல்வார்கள், டிங்கர் சொல்வார், டீக்கடைக்காரர்கூடச் சொல்வார். நான் ஏதோ நம்ம ஊர் நம்பிக்கை என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் இருக்கிறவர்களும் அட்சரம் பிசகாமல் இதையேதான் சொல்கிறார்கள்! இரண்டு ஊரிலும் ஒரே பயம் என்றால் அது எங்கேயோ பிறந்து, எப்படியோ இங்கே வந்திருக்க வேண்டும் இல்லையா? அந்தக் கதைதான் இது.

முதலில் மாட்டு வண்டி. கார் வருவதற்கு ரொம்ப முன்னாடியே நமக்கு மசகு தெரியும். அச்சுக்குப் போடும் 'வண்டி மை' பற்றித் தாத்தா சொல்வார். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த கருப்புப் பசை. அது வேட்டியில் பட்டால் ஜென்மத்துக்கும் போகாதாம். வெள்ளைக்காரனும் இதே ஆமணக்கைத்தான் பிடித்தான். 1909-ல் வேக்ஃபீல்டு கம்பெனி தன் எஞ்சின் ஆயிலில் கொஞ்சம் ஆமணக்கு எண்ணெயைக் கலந்தது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான் 'காஸ்ட்ரால்' என்ற பெயர். (இன்னொரு விஷயம்: இலங்கைத் தமிழர்கள் 'மசகு எண்ணெய்' என்றால் கச்சா எண்ணெய். நமக்கு லூப்ரிகன்ட். குழம்பிக்கொள்ளாதீர்கள்.)

வண்டி அச்சுக்குப் போதுமானது கியருக்குப் போதாது. கியர் பற்கள் ஒன்றோடொன்று உரசும் இடம் ரொம்பச் சின்னது. அந்த இடத்தில் விழும் அழுத்தமோ பயங்கரம். சாதாரண எண்ணெய் பிதுங்கி வெளியே போய்விடும். 1926-ல் பேக்கார்டு கம்பெனி பின் அச்சுக்கு 'ஹைபாய்டு' என்ற புது வகைப் பல்சக்கரத்தைக் கொண்டுவந்தபோது இது பெரிய தலைவலி ஆனது. அந்தப் பற்கள் உருளுவதோடு நிற்காமல் வழுக்கவும் செய்யும். இரும்பில் ஒட்டிக்கொண்டு விடாப்பிடியாக நிற்கும் சமாச்சாரம் ஏதாவது எண்ணெயில் கலந்தாக வேண்டும். அப்படிக் கலக்கப்பட்டவைகளில் ஒன்று, கந்தகம் சேர்த்த திமிங்கல எண்ணெய்.

ஆமாம், திமிங்கலம்தான். குறிப்பாக எண்ணெய்த் திமிங்கலம். அம்பர்கிரிஸ் கடத்தல் என்று அடிக்கடி பேப்பரில் வருகிறதே, அதே திமிங்கலம். அதன் பெரிய தலைக்குள் இருப்பதை எண்ணெய் என்று சொன்னாலும் வேதியியல்படி அது பெரும்பாலும் திரவ மெழுகு. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மாதிரியான கொழுப்பு இல்லை. உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்துகொள்ளும். சூட்டையும் நன்றாகத் தாங்கும்.

இந்தத் திரவ மெழுகுக்கு ராஜயோகம் அடித்தது ஆட்டோமேட்டிக் கியரில். 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ராமேட்டிக்' கியர் பாக்ஸை அறிவித்து, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பொருத்தியது. கிளட்ச் பெடலே கிடையாது. ஆனால் இதற்குள் ஊற்றும் எண்ணெய் பாவம், ஒரே நேரத்தில் நாலு வேலை செய்ய வேண்டும். எஞ்சினின் சக்தியைக் கடத்த வேண்டும், வால்வுகளைத் தள்ள வேண்டும், சூட்டைத் தணிக்க வேண்டும், பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் மசகாக இருக்க வேண்டும். இது போதாதென்று, எண்ணெயில் முங்கியே கிடக்கும் கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கவும் வேண்டும். வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்! அந்த அளவைச் சரிபண்ணும் பொருளை உராய்வுச் சீராக்கி என்று சொல்லலாம். திமிங்கல எண்ணெய் அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்தது.

1949-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்த எண்ணெய்க்கு 'டைப் ஏ' என்று ஒரு தரம் வகுத்தது. 1957-ல் அதைத் திருத்தினார்கள். 1967-ல் 'டெக்ஸ்ரான்' வந்தது. ஃபோர்டு கம்பெனி தனி வழி போனது. அதன் 'டைப் எஃப்' எண்ணெயில் உராய்வுச் சீராக்கியே கிடையாது. அது வெடுக்கென்று பிடிக்கும். ஃபோர்டு பெட்டியில் டெக்ஸ்ரானை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், டெக்ஸ்ரான் பெட்டியில் டைப் எஃப்-ஐ ஊற்றினால் வண்டி உதறும். இரண்டுமே பார்க்க ஒரே சிவப்பு. எஞ்சின் ஆயில் ஒழுகுகிறதா, கியர் ஆயில் ஒழுகுகிறதா என்று பிரித்துப் பார்க்கச் சேர்த்த சாயம் அது. பார்த்து மட்டும் வகை கண்டுபிடிக்க முடியாது.

1970 கடைசியில் அமெரிக்க அரசு எண்ணெய்த் திமிங்கலத்தை அழியும் உயிரினங்கள் பட்டியலில் சேர்த்தது. அதன் எண்ணெய் இறக்குமதிக்கும் முற்றுப்புள்ளி விழுந்தது. அந்த முடிவு ரொம்பச் சரி, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் கம்பெனிகள் அவசர அவசரமாக மாற்றுப் பொருள் தேடின. திமிங்கலம் இல்லாத 'டெக்ஸ்ரான் 2' 1973 வாக்கில் வந்தது. அதன் முதல் வடிவம் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் இணைப்புகளை அரித்தது. சில ஆண்டுகளிலேயே அதை மாற்ற வேண்டியதாயிற்று. (ஜோஜோபா என்ற பாலைவனச் செடியின் விதையிலும் கிட்டத்தட்ட இதே திரவ மெழுகு கிடைக்கும். இன்றைக்கு ராஜஸ்தானில்கூடப் பயிராகிறது. ஷாம்பு விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள்.)

இப்போது அந்தக் காலத்து அமெரிக்க மெக்கானிக் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். பழைய எண்ணெயில் நன்றாக ஓடிய வண்டி வருகிறது. புது எண்ணெய் ஊற்றுகிறீர்கள். கொஞ்ச நாளில் கோளாறு. எண்ணெயின் சேர்மானம் மாறியது உங்களுக்குத் தெரியாது, வகை மாற்றி ஊற்றியிருந்தாலும் தெரியாது. 'பழைய வண்டியைத் தொடாதே' என்று உங்களுக்குத் தோன்றாதா? பயம் அங்கே இப்படித்தான் வேர்விட்டிருக்கும் என்பது என் கணிப்பு. அனுபவத்தில் வந்த பயம். முட்டாள்தனம் என்று சிரிக்க முடியாது.

சரி, அது எப்படி எண்ணூருக்கு வந்தது?

டைப் ஏ எண்ணெய் வந்த அதே 1949-ல் நம்ம எண்ணூரிலும் கார் பிறந்தது. ரகுநந்தன் சரண் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூர் ஆலையில் ஆஸ்டின் ஏ40 கார்களை இணைத்து வெளியே விட்டது. அசோக் என்பது அவருடைய மகன் பெயர். 1200 சிசி எஞ்சின், நாலு கியர், காலால் மிதிக்கும் கிளட்ச். இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் லாரியும் பஸ்ஸும்தான் ஞாபகம் வரும், ஆனால் ஆரம்பம் கார்தான். 1953-ல் டாரிஃப் கமிஷன், உதிரிபாகங்களை இங்கேயே தயாரிக்கும் திட்டம் இல்லாத கம்பெனிகள் தொழிலை விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954 வாக்கில் மூட்டை கட்டின. எண்ணூர் ஆலை 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி, கனரக வண்டிப் பக்கம் போய்விட்டது.

இங்கேதான் நம்ம கதை அமெரிக்கக் கதையிலிருந்து பிரிகிறது. அதற்கப்புறம் ஏறக்குறைய நாற்பது வருஷம் இந்தியச் சாலையில் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எல்லாம் கையால் கியர் போடும் வண்டிகள். ஆட்டோமேட்டிக் என்பது பணக்கார வீட்டு இறக்குமதிக் காரில் எட்டிப் பார்ப்பதோடு சரி. டைப் ஏ, டெக்ஸ்ரான், திமிங்கலத் தடை, குழாய் அரிப்பு... இதில் ஒன்றைக்கூட நம்ம மெக்கானிக்குகள் நேரில் பார்க்கவில்லை. அவர்கள் கைப்பழக்கம் எல்லாம் 'தொண்ணூறு ஆயில்' எனப்படும் கெட்டியான கியர் ஆயிலில்தான்.

கையால் போடும் கியர் பாக்ஸில், எண்ணெயில் முங்கிய கிளட்ச் தட்டு கிடையாது. கிளட்ச் வெளியே தனியாக, காய்ந்துதான் இருக்கிறது. ஆகவே புது எண்ணெயால் கிளட்ச் வழுக்கும் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அதில் வரக்கூடிய ஒரே வில்லங்கம், ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றுவது. பின்னதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம், பித்தளை சிங்க்ரோ வளையங்களைச் சிலசமயம் பதம் பார்த்துவிடும். மற்றபடி தாராளமாக மாற்றலாம், எத்தனை லட்சம் ஓடியிருந்தாலும் சரி.

எண்ணெய்க்கு நாம் ஒன்றும் அந்நியர்கள் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 1965-ல் இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோவும், ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், 1969-ல் மணலியில் ஓடத் தொடங்கியது. இன்றைய பெயர் சென்னை பெட்ரோலியம். பெட்ரோல், டீசலோடு மசகு எண்ணெய்க்கான மூல எண்ணெயும் அங்கே தயாராகிறது. 1989-ல் தொடங்கிய இந்தியன் அடிட்டிவ்ஸ் என்ற கம்பெனியும் மணலியில்தான், சேர்மானப் பொருள் தயாரிக்கிறது. எண்ணெய் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், அதைப் பற்றிய பயம் மட்டும் இறக்குமதி!

அந்தப் பயத்துக்கு இங்கே வேலை வந்தது ஆட்டோமேட்டிக் கார்கள் பெருகியபோது. 2014-ல் செலெரியோ காரில் ஏஎம்டி வந்தபின் விலையும் குறைந்தது. இப்போது அவை செகண்ட் ஹேண்டில் எங்கள் பக்கமும் வருகின்றன. அப்பாவின் நண்பர் ஒருவர், துறைமுகத்தில் வேலை. கண்டெய்னர் லாரி நெரிசலில் கிளட்ச் மிதித்து மிதித்து முழங்கால் வலி. ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய ஆட்டோமேட்டிக் ஒன்றை வாங்கினார். ஒரு மெக்கானிக் ஆயில் மாற்று என்கிறார், இன்னொருவர் தொட்டால் போச்சு என்கிறார். கியர் பாக்ஸைப் பிரித்து வேலை பார்த்தால் வண்டி வாங்கிய விலையில் பாதி போய்விடும். மனுஷனுக்கு இரண்டு வாரம் தூக்கமே இல்லை.

இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கிளட்ச் தட்டு ஏற்கெனவே தேய்ந்து, கியர் வழுக்கத் தொடங்கி, எண்ணெயும் கருகின நாற்றம் அடிக்கிற வண்டி என்றால், புது எண்ணெய் அதைப் பிழைக்க வைக்காது. தேய்ந்த துகள்கள் மிதக்கும் பழைய எண்ணெய்தான் அதை ஏதோ பிடித்துக்கொண்டிருக்கும். அழுத்தம் கொடுத்து அலசினால் அடியில் கிடந்த கசடு கிளம்பி வால்வுகளின் மெல்லிய வழிகளை அடைக்கலாம். ஆனால் நம்ம ஆட்கள் ஆயில் மாற்ற நினைப்பதே கோளாறு வந்தபிறகுதானே! சாகக் கிடக்கிறவனுக்குக் கடைசியாகக் கஷாயம் கொடுத்தவன் மேல் பழி போடுகிற கதை. 'ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை' என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. யாருடைய ஆயுள் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்வதில்லை. வாரண்டி முடிந்த வண்டி அவர்கள் கணக்கில் ஆயுள் முடிந்த வண்டிதான் என்பது என் சந்தேகம்.

அவர் வண்டி வழுக்கவில்லை, எண்ணெய் பழுப்பாகியிருந்தது, கருகல் வாடை இல்லை. அதனால் அலசல் மெஷின் வேண்டாம், அடியில் திறந்து வடிய விட்டு, வடிந்த அளவை அளந்து அதே அளவு புதிதாக ஊற்றினால் போதும் என்று முடிவானது. இப்படிச் செய்தால் டார்க் கன்வெர்ட்டரில் நிற்கும் பழசு வராது. மொத்தத்தில் ஒரு பகுதிதான் மாறும். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்ற வேண்டும். மெதுவாக மாறுவது பழைய பெட்டிக்கு நல்லதும்கூட. எந்த எண்ணெய் என்பதில் மட்டும் பேரமே கூடாது. வண்டியின் கையேட்டில் உள்ள பெயர்தான். பெல்ட்டும் புல்லியும் உள்ள சிவிடி வண்டிக்கு அதற்கென்றே தனி எண்ணெய், சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெய் ஆகாது. ஏஎம்டி என்றால் உள்ளே இருப்பது கையால் போடும் அதே பெட்டிதான், அதே மாதிரி கியர் ஆயில்தான். சில வண்டிகளில் கியர் போட்டுக்கொடுக்கும் பகுதிக்குத் தனியாகக் கொஞ்சம் ஹைட்ராலிக் எண்ணெய் இருக்கும். ஆறு மாதமாக அவர் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, முழங்காலும் பரவாயில்லையாம்.

வடித்த பழைய எண்ணெய் மூன்று லிட்டருக்கு மேல் இருந்தது. எங்கள் பக்கம் அதைச் சாக்கடையில் ஊற்றினால் கொசஸ்தலை ஆறு, அங்கிருந்து எண்ணூர் முகத்துவாரம். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்தபோதும், மீனவர்கள் வலையையும் படகையும் சுத்தம் செய்து மாளாமல் பட்டபாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். பழைய எண்ணெயை வாங்கிக்கொள்ள அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்புக்காரர்கள் இருக்கிறார்கள், பெரிய சர்வீஸ் சென்டர்கள் அவர்களுக்குத்தான் கொடுக்கின்றன. அவர் கேனில் மூடி, அப்படி ஒரு சென்டரில் கொடுத்துவிட்டு வந்தார்.