நாலாவது காரணம்

கடலூர் மாவட்டத்தில் கரண்ட்டின் கதை தண்ணீரில் ஆரம்பிக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட, கூடவே வந்தது கறுப்பாக ஏதோ ஒன்று. பழுப்பு நிலக்கரி! 1956-ல் நெய்வேலி நிறுவனம் பிறந்தது. 1962-ல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது.

அதே மாவட்டத்து நெல்லிக்குப்பத்தில், ஒரு வீட்டில் சுவிட்சைப் போட்டும் விளக்கு எரியவில்லை என்றால், ஒன்று பல்பு போயிருக்கும், இல்லை ஃபியூஸ், அதுவும் இல்லையா, கரண்ட். நாலாவதாக ஒரு காரணத்தை உண்டாக்கிய பெருமை 'ஸ்மார்ட்' வீட்டுக்காரர்களைச் சேரும்.

இந்த ஆசை புதுசு இல்லை. 1969-ல் அமெரிக்காவில் ஹனிவெல் ஒரு சமையலறை கம்ப்யூட்டரை விளம்பரம் செய்தது. விலை பத்தாயிரம் டாலருக்கு மேல். சமையல் குறிப்பைத் தேட இல்லத்தரசி இரண்டு வாரம் புரோகிராமிங் படிக்கணுமாம்! அதற்குள் சாம்பார் ஊசிப்போய்விடாதா? ஒன்றுகூட விற்றதாகச் சான்றில்லை.

உருப்படியாக வந்தது, 1975-ல் ஸ்காட்லாந்தில் உருவான எக்ஸ்-10. சுவரில் ஏற்கெனவே ஓடும் மின்கம்பி வழியாகவே விளக்குக்கு உத்தரவு போகும். ஒரே குறி எண் வைத்திருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் பட்டனை அமுக்க நம் வீட்டு விளக்கு எரிந்த கூத்தும் உண்டு. ஆனாலும் உத்தரவு தெருவைத் தாண்டவில்லை. அமெரிக்காவில் அதை விற்ற நிறுவனம் 2013-ல் திவாலானது. வாங்கியவர் வீட்டில் இருந்த பெட்டிக்கு அதுபற்றிக் கவலையே இல்லை.

நெய்வேலியின் அந்த முதல் அனல்மின் நிலையமும் 2020-ல் மூடப்பட்டது. அதற்காக எந்த ஊர் சுவிட்சும் செத்துவிடவில்லை. வேறு நிலையத்துக் கரண்ட் அதே கம்பியில் வந்தது.

ரிவால்வ் விஷயம் அப்படி இல்லை. விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து ஆட்டிவைக்கும் முந்நூறு டாலர் பெட்டி அது. 'ஆயுட்கால சந்தா' என்று சொல்லித்தான் விற்றார்கள். யாருடைய ஆயுள் என்று யாரும் கேட்கவில்லை. 2014-ல் கூகுளின் நெஸ்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2016 மே மாதம் எங்கோ இருந்த சர்வரை அணைத்தது. கரண்ட் இருந்தது, பெட்டி நன்றாகத்தான் இருந்தது, காசும் முழுசாகக் கொடுத்தாகிவிட்டது. பெட்டி மட்டும் அசையவில்லை.

வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் விசாரித்தது. விற்றவை கொஞ்சம்தான், பணத்தையும் நெஸ்ட் திருப்பித் தருகிறது என்று சொல்லி, அந்த ஜூலையிலேயே நடவடிக்கை எதுவும் இல்லாமல் ஃபைலை மூடிவிட்டது.