தமிழ் தலைவாஸ்

தமிழ் தலைவாஸ், சென்னையைச் சொந்தக் களமாகக் கொண்டு 2017இல் புரோ கபடி தொடரின் ஐந்தாம் பருவத்தில் அறிமுகமான உரிமையணி, அதாவது தொடர் நடத்துவோரிடம் ஆடும் உரிமையைப் பெற்ற முதலீட்டாளர்களின் அணி ஆகும். சச்சின் டெண்டுல்கரின் பங்குடைமையும் அஜய் தாக்கூரின் தலைமையும் இருந்தும், முதல் இரு பருவங்களில் தன் பிரிவின் கடைசி இடத்தையும், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் ஆகிய பெயர்பெற்றோர் ஆடிய 2019இல் 12 அணிகளுள் 12ஆம் இடத்தையுமே பெற்றது. அப்பருவத்தின் நடுவிலேயே பயிற்சியாளர் எடச்சேரி பாஸ்கரன் விலகினார். வெற்றியை நெருங்கிக் கடைசி நிமிடங்களில் நழுவவிடுவது, படுதோல்வியைவிட இரசிகர்களுக்கு அதிகம் எரிச்சலூட்டியது.

வேங்கிக்கால் போன்ற திருவண்ணாமலைப் பகுதி ஊர்களில் பொங்கலையொட்டிக் கபடி பார்த்து வளர்ந்தோருக்கு, தமிழின் பெயர் தாங்கிய அணியில் உள்ளூர் வீரர்கள் குறைவு என்ற மனக்குறையும் உண்டு. வீரர்கள் ஏலத்தில் எடுக்கப்படுவதால் இது வியப்பன்று.

2022 அக்டோபரில் தொடங்கிய பருவத்தில், 2.26 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்ட பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயமுற்று விலகியபோதும், புதுமுகப் பாடிவீரர் (எதிரணிப் பக்கம் பாடிச் சென்று தொட்டுவருபவர்) நரேந்தர் 200க்கும் மேற்பட்ட புள்ளிகள் எடுக்க, அணி முதன்முறையாக அரையிறுதியை எட்டிப் புனேரி பல்தானிடம் தோற்றது.

கோப்பைக்கான ஏக்கம் தமிழ் தலைவாஸ் இரசிகர்களுக்கு மட்டும் உரியதன்று: ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் டொரன்டோவின் மேப்பிள் லீஃப்ஸ் பனி ஹாக்கி அணியும் 1967க்குப் பின் ஸ்டான்லி கோப்பையை வென்றதில்லை. எனினும் அந்த வட அமெரிக்கப் பனி ஹாக்கித் தொடரில் பின்தங்கிய அணிகளுக்கு இளம் வீரர் தேர்வில் முன்னுரிமை வாய்ப்பு உண்டு. கபடி ஏலத்திலோ தோற்றவருக்கும் வென்றவருக்கும் செலவு உச்சவரம்பு ஒன்றே.