கரீபியன்

கிரிக்கெட் வர்ணனையால் நமக்குப் பழகிப்போன இந்தச் சொல்லுக்குள் ஒரு பழிச்சொல் ஒளிந்திருக்கிறது.

1492 இறுதியில் கொலம்பஸ் கூபா, ஹிஸ்பானியோலா கரைகளில் சுற்றியபோது, அங்கிருந்த தைனோ மக்கள் பக்கத்துத் தீவினரைப் பற்றி அச்சத்தோடு பேசினார்கள். அவர் காதில் அது 'கனிபா' என்றும் 'கரீப்' என்றும் விழுந்தது. ஆசியாவுக்கே வந்துவிட்டதாக நம்பியவர் அல்லவா, 'கனிபா' என்றால் சீனத்துப் பேரரசர் கானின் ஆட்கள் என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். அவர்கள் மனிதரைத் தின்பவர்கள் என்ற செவிவழிச் செய்தியும் கூடவே ஏறிக்கொண்டது. அதிலிருந்துதான் ஸ்பானிய மொழியில் 'கனிபல்', ஆங்கிலத்தில் நரமாமிசம் உண்பவரைக் குறிக்கும் 'கேனிபல்'. 'கரீப்' கடலின் பெயரானது.

பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. 1503இல் ஸ்பெயின் அரசி இசபெல்லா, எதிர்த்து நிற்கும் 'கனிபல்'களைப் பிடித்து அடிமைகளாக விற்கலாம் என்று ஆணையிட்டார். பிறகென்ன? அடிமைகள் தேவைப்பட்ட தீவிலெல்லாம் கரீபுகள் முளைத்தார்கள்! யார் கரீப் என்பதை முடிவு செய்தவர் பிடிக்க வந்தவரே.

'கரீப்' என்று அழைக்கப்பட்ட அந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் கலினாகோ. டொமினிக்காவின் கிழக்குக் கரையில் 1903இல் ஆங்கிலேயர் அவர்களுக்கென ஒதுக்கிய நிலத்தில் இன்றும் வாழ்கிறார்கள். நெடுங்காலம் 'கரீப்' பெயரிலேயே இருந்த அந்தப் பகுதி, 2015இல்தான் சட்டப்படி கலினாகோ பிரதேசம் ஆனது.