லயத்து மண்ணும் மலையகக் குளிரும்

நிலைபேறான வாழ்வு, இயற்கையோடு இணைந்த வாழ்வு என்னும் பெயர்களில் இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் இன்று நடத்தப்படும் பயிற்சிப் பட்டறைகள், கூட்டெரு தயாரித்தலையும் வீட்டுத்தோட்டத்தையும் மண் பாதுகாப்பையும் பெரும்பாலும் புதிய பாடங்களாகவே கற்பிக்கின்றன. அப்பாடங்களில் பல, லயங்களில், அதாவது பிரித்தானியர் காலத்தில் தொழிலாளருக்கெனக் கட்டப்பட்ட வரிசை வீடுகளில், தலைமுறைகளாகப் புழங்கிவந்தவையே. அந்த அறிவின் வரலாறு காடழிப்பில் தொடங்குகிறது.

1820களிலிருந்து கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்திய பின் தேயிலைக்காகவும் மத்திய மலைநாட்டின் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைப் பயிர், சில பத்தாண்டுகளில் மலைச்சரிவுகளைப் பெருமளவில் மூடியது. ஆள்சேர்க்கும் கங்காணிமார் வழியாகத் தமிழகத்துச் சமவெளி ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள், ஏறத்தாழ 6000 அடி வரையிலான உயரத்துக் குளிரைக் கறுப்புக் கம்பளி ஒன்றைக் கொண்டே எதிர்கொண்டனர். அதன் விலையும் அவர்களின் கடன் கணக்கிலேயே ஏறியது. புல்பூண்டு எதுவும் மிஞ்சாதபடி சுரண்டிக் களையெடுக்கும் முறையைத் தோட்டங்களை நடத்திய துரைமார் நெடுங்காலம் கைக்கொண்டதால் மேல்மண் மழையோடு கரைந்து ஆறுகளில் சேர்ந்தது. அதைத் தடுக்கச் சரிவுக்குக் குறுக்கே ‘கான்’ எனப்படும் வடிகால்களை வெட்டியவர்களும் இத்தொழிலாளரே. மண் பேணலுக்கெனத் தனிச் சட்டம் 1951இல்தான் வந்தது.

குளிரை வெல்ல அவர்கள் கண்ட வழிகளில் முதன்மையானது மிலாறு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைத் தாழ வெட்டிவிடுவதைக் கவ்வாத்து என்பர். அப்போது விழும் கிளைகளும் குச்சிகளும்தாம் மிலாறு. பெண்கள் அவற்றைக் கட்டுகளாகக் கட்டித் தலையில் சுமந்து வந்து, லயத்து அடுப்பின் மேலும் கூரையின் அடியிலும் அடுக்கி உலர்த்துவர். மார்கழி தொடங்கி மாசி வரையிலான இரவுகளில் காம்பரா எனப்படும் ஒற்றை அறைக்குச் சூடு தந்தது இந்த விறகே. அதன் புகையைச் சுவாசித்தவர்களும் அந்தப் பெண்களும் குழந்தைகளுமே. கவ்வாத்துக் கழிவு மலையிலேயே கிடந்து மக்கினால் மண்ணுக்கு உரமாகும் என்பது தேயிலை ஆராய்ச்சியாளர்களின் அறிவுரை. மண்ணுக்கும் அடுப்புக்கும் இடையிலான இப்போட்டிக்கு, இலையையும் மெல்லிய நுனிகளையும் மலையில் விட்டுத் தடித்த கிளைகளை மட்டும் வீட்டுக்கு எடுப்பதே பொருத்தமான தீர்வு.

லயத்தின் பின்புறத்திலும் ஓடைக்கரையிலும் கிடைத்த துண்டு நிலங்களில் கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு ஆகியவை விளைந்தன. மாடு வளர்த்த குடும்பங்கள் சாணத்தையும் அடுப்புச் சாம்பலையும் இந்நிலத்தில் இட்டன. மாட்டுக்கான புல் தேயிலை மலையின் ஓரங்களிலிருந்து வந்தது. தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் குளிர்காற்று பள்ளங்களில் தேங்க, அங்கே உறைபனி படியும். அதன் மேல் வெயில் பட்டதும் கொழுந்தும் நாற்றும் கருகிவிடும். ஆகவே விடியலில், வெயில் ஏறுமுன் இலைகளில் நீர் தெளித்துப் பனியைக் கரைப்பது இப்பகுதி மரக்கறித் தோட்டக்காரரின் வழக்கமாக உள்ளது. எந்தப் பள்ளத்தில் பனி விழும், எந்த மேட்டில் விழாது என்பதை அங்கேயே வாழ்ந்தவர்கள் அறிந்திருந்தனர்.

இத்துண்டு நிலங்களின் அருமையை நெருக்கடிகளே உணர்த்தின. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது, தோட்டங்களிலும் உணவுப் பயிர் செய்யுமாறு அரசு வலியுறுத்தியது. 1970களின் நடுப்பகுதியில் பங்கீட்டு உணவு குறைந்து, தோட்டங்கள் அரசுடைமையாகி நிர்வாகமும் குலைந்திருந்த வேளையில், பட்டினி தோட்ட மக்களையே மிகக் கடுமையாகத் தாக்கியது. கூலியை மட்டும் நம்பிய வாழ்வு எவ்வளவு பலவீனமானது என்பதற்கு அந்த ஆண்டுகளின் சாவுகளே சான்று. 2021இல் இரசாயன உர இறக்குமதி எவ்வித முன்னேற்பாடுமின்றித் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி மறு ஆண்டில் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகச் சரிந்தது. இயற்கை வேளாண்மை என்னும் நல்ல பெயரில், மண்ணில் உழைப்பவரைக் கலக்காமல் எடுத்த அம்முடிவின் சுமை, பொருளாதார நெருக்கடியோடு சேர்ந்து தொழிலாளர் குடும்பங்களின் மேலும் விழுந்தது.

இப்படிக் கைகொடுத்த லயத்து வீட்டுத்தோட்டங்கள் பின்னர் அருகின; அதற்கு அறிவுக் குறையைக் காரணம் காட்டுவது தவறு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பல இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. நாளை தன்னுடையதாக இராத நிலத்தில் ஒரு குடும்பம் எத்தனை ஆண்டுகளுக்கு எருவிட்டு மண்ணை வளப்படுத்த முடியும்? அண்மை ஆண்டுகளில் 7 பேர்ச் காணியுடன் தனி வீடுகள் தரப்பட்டாலும், பெருந்தொகையான குடும்பங்கள் இன்னும் தோட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாட்டிலுள்ள லயங்களிலேயே வாழ்கின்றன. எனவே பட்டறை நடத்துவோர் விதைப் பொதிகளுடன் வருமுன் அக்குடும்பங்களின் காணி உரிமைக்காகக் குரல் கொடுக்க வேண்டும். மிலாறு சுமந்த மூதாட்டிகளை முன்வரிசைக் கேட்போராக அல்ல, ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும்.